ஒரு கையால் ஆடிய கரண்டுப் புட்போல்

அந்தப் பலகை என் கடைக்கு வரும்போதே புகை மணத்தோடுதான் வந்தது. மச்சான் அதை ஒரு பழைய சாரனால் சுற்றி ஓட்டோவில் கொண்டுவந்து என் மேசையில் கிடத்தினான். இறந்த ஒருவரின் ஜனாஸாவைக் கொண்டுவந்தவன் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு நின்றான்.

"டப் எண்டு ஒரு சத்தம் மச்சான். அவ்வளவுதான். உசிர் போயிட்டு."

மச்சான் என்றால் என் மனைவியின் மூத்த சகோதரன். அதற்கு முன்னமே எனக்குக் கூட்டாளி. ஒரே வகுப்பில் ஒரே வாங்கில் இருந்து படித்தோம். பிறகு அவன் தங்கச்சியை நான் முடித்தேன். எங்கள் பக்கத்தில் ஆண்பிள்ளை கல்யாணம் முடித்தால் பெண் வீட்டுக்குத்தான் போவான். அவன் பக்கத்து ஊர் சாய்ந்தமருதில் மனைவி வீட்டுக்குப் போனான். நான் கல்முனையில் அவன் பிறந்து வளர்ந்த வீட்டுக்கு மாப்பிள்ளையாக வந்தேன். "என்ர கட்டில்ல படுக்கிறாய், என்ர மாமரத்துல காய் பிடுங்குறாய், வாடகை தாறாயா?" என்று சொல்லிச் சொல்லிச் சிரிப்பான்.

நான் மோட்டர் கட்டுகிறவன். கடைத்தெருவில் ஒரு சந்துக்குள் என் கடை. எரிந்துபோன மின்விசிறி, தண்ணீர்ப் பம்பி, மிக்சி எல்லாம் வரும். கருகிய கொயிலைப் பிரித்துப் புதுக் கம்பி சுற்றிக் கொடுப்பேன். சாரனை அவிழ்த்துப் பார்த்தபோது உள்ளே இருந்தது இதுவரை என் கடைக்கு வராத ஒரு சாமான். யன்னல் கதவு அளவில் ஒரு தகரப் பலகை. பச்சை அடித்து, குறுக்கே வெள்ளைக் கோடுகள் போட்டிருந்தது. இரண்டு கரையிலும் கொம்பு முளைத்த மாதிரி மஞ்சள் கம்பங்கள். ஒரு பிஸ்கட் டின்னுக்குள் விரல் நீளத்தில் பிளாஸ்டிக் ஆட்கள், பதினொரு சிவப்பு, பதினொரு நீலம். தலையில் இரும்புத் தொப்பி, தோளெல்லாம் வீங்கிப் போய், யாரையோ இடிக்கப் போகிறவர்கள் மாதிரி குனிந்து நின்றார்கள்.

மச்சான் சவூதியில் ஓர் அமெரிக்கக் குடும்பத்துக்கு வாகனம் ஓட்டினான். அவர்கள் தங்கள் ஊருக்கே திரும்பிப் போகும்போது வேண்டாம் என்று ஒதுக்கியதில் இதுவும் ஒன்று. "அந்த வெள்ளைக்காரன் சின்னப்பிள்ளையா இரிக்கக்குள்ள விளையாடினதாம். அவன்ர மகனுக்குப் பிடிக்கல்ல. எனக்குப் பிடிச்சிது," என்றான். நூற்றிப் பத்து வோல்டுச் சாமானை நம் வீட்டுக் கரண்டில் குத்தியிருக்கிறான். புகையாமல் பூ மணமா வரும்? வெளிநாட்டுச் சாமான் எதையும் கொண்டுவந்த அன்றே பிளக்கில் குத்திப் பார்ப்பது எங்கள் ஊர்க்காரருக்கு உள்ள வியாதி. நான் கிழி கிழி என்று கிழித்தேன். "மடையா, அடியில எழுதியிரிக்கிறத வாசிக்கத் தெரியாதா?" என்றேன். அவன் கோபிக்கவில்லை. என் ஏச்சுக்கு அவன் ஒருநாளும் கோபித்ததில்லை. அதனால்தான் எனக்கு வாய் நீண்டது என்று இப்போது நினைக்கிறேன்.

இரண்டு நாள் எடுத்து மெல்லிய கம்பியால் கொயிலைப் புதிதாகச் சுற்றினேன். சுவிச்சைப் போட்டதும் பலகை முழுக்க இர்ரென்று அதிர்ந்தது. அதன்மேல் நின்ற ஆட்கள் ஒவ்வொருவராக நகரத் தொடங்கினார்கள். ஒருவன் நேரே போனான். ஒருவன் இடத்திலேயே நின்று சுற்றினான். இரண்டு பேர் கட்டிப்பிடித்துக்கொண்டு கரைக்குப் போய் விழுந்தார்கள். நாங்கள் இரண்டு பேரும், பேரப்பிள்ளை காணும் வயதில், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம்.

அன்றைக்கே அதற்குக் கரண்டுப் புட்போல் என்று பெயர் வைத்தோம்.

அமெரிக்கக்காரரின் புட்போல் காலால் உதைப்பதில்லையாம், பந்தைக் கையில் காவி ஓடுவதாம். விளையாட்டு பெரிய கணக்கொன்றும் இல்லை. ஒருத்தன் கையில் பஞ்சுப் பந்தைச் செருகிவிடவேண்டும். அவன் அதைக் காவிக்கொண்டு மற்றப் பக்கக் கரைக்குப் போகவேண்டும். மற்றக் கட்சிக்காரன் அவனில் முட்டினால் உடனே சுவிச்சை நிறுத்தவேண்டும். பிறகு இரண்டு கட்சியும் ஆட்களைத் திரும்ப அடுக்கி, திரும்பச் சுவிச்சைப் போடவேண்டும். நாலு தடவைக்குள் போதிய தூரம் போகாவிட்டால் பந்து மற்றவனுக்கு. ஆட்டத்தில் பாதி நேரம் அடுக்குவதிலேயே போகும்.

வித்தையெல்லாம் ஆட்களின் காலில் இருக்கிறது. ஒவ்வொருவனுக்கும் கீழே ஒரு சின்னத் தட்டு. தட்டின் அடியில் நுளம்புக் கால் மாதிரி மெல்லிய பிளாஸ்டிக் கால்கள். அதைப் பின்னுக்குச் சாய்த்தால் அவன் வேகமாகப் போவான். ஒரு பக்கம் சாய்த்தால் இடத்திலேயே சுற்றிக் கிறுகுவான். எங்கள் கடற்கரை வெக்கைக்கு அது தானாகவும் வளையும். கையில் சூடு காட்டி விரலால் நீவி நேராக்குவோம். குறடு வைக்கக்கூடாது, அது எங்கள் சட்டம். குறடு கடித்த இடத்தில் பிளாஸ்டிக் வெளுத்துவிடும், பிறகு அந்தக் கால் உருப்படாது.

வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்து, சோறு தின்று, கடையைப் பாதி இறக்கிவிட்டு விளையாடுவோம். அவன் வீடும் என் வீடும் பெண்பிள்ளைகளுக்கு எழுதிய வீடுகள். அங்கே இந்தப் பலகையை விரித்தால் மருமகன்மார் என்ன நினைப்பார்கள்? அதனால் கடைதான் வசதி. நான் சிவப்பு, அவன் நீலம். தொடங்க முதல் ஒருவர் ஆட்களை மற்றவர் புரட்டிக் காலைப் பார்ப்போம். தெருவில் போகிறவர்கள் குனிந்து எட்டிப் பார்த்து, "வாப்பாமார் ரெண்டு பேரும் பொம்ம வெச்சு விளையாடுறாங்க," என்று நக்கலடிப்பார்கள். "உங்கட வீட்டுப் பொம்மய விட இது நல்லம். ஏசாது," என்று மச்சான் பதில் கொடுப்பான். நான் தோற்றால் கத்துவேன். பலகை சரிவு என்பேன், கரண்டு குறைவு என்பேன். அவன் வென்றாலும் தோற்றாலும் ஒரு வெறுந்தேத்தண்ணி கேட்பான். எங்களில் யார் அதிகம் வென்றோம் என்று கேட்டால் தெரியாது. கிட்டத்தட்டச் சரிசமனாகத்தான் இருந்திருக்கும்.

பிறகு அவனுக்குப் பாரிசவாதம் வந்தது. வலது கை விழுந்துவிட்டது. வலது காலும் இழுத்தது. கதை பேச்சு மட்டும் தெளிவாக இருந்தது. நாலைந்து மாதம் எண்ணெய் பூசி, ஆஸ்பத்திரிக்குப் போய்க் கைக்குப் பயிற்சி எடுத்து, ஒரு வெள்ளிக்கிழமை ஊன்றுகோலோடு என் கடைக்கு முன்னால் ஓட்டோவில் வந்து இறங்கினான். "அடுக்கு மச்சான்," என்றான். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதை மறைக்க, "சுணங்கி வந்துபோட்டு அதிகாரம் வேறயா?" என்று ஏசினேன்.

இடது கையால் பதினொரு பேரையும் அடுக்கினான். எட்டாவது ஆளை வைக்கும்போது விரல் தட்டி மூன்றாவது ஆள் விழுவான். அவனை நிமிர்த்தப் போனால் ஐந்தாவது ஆள். முன்பு ஐந்தாறு நிமிடத்தில் முடிந்தது இப்போது அரை மணித்தியாலம் எடுத்தது. நான் உதவிக்குக் கை நீட்டினால் தட்டிவிடுவான். பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். ஆட்களின் காலை நீவ ஒரு கை போதாது. அதனால் அவன் ஆட்கள் கோணல் மாணலாக ஓடினார்கள். வாராவாரம் தோற்றான். தோற்றுவிட்டு அதே வெறுந்தேத்தண்ணியைக் கேட்பான், ஆனால் அதைப் பாதியில் வைத்துவிடுவான்.

என் ஆட்களை முன்புபோலப் புரட்டிப் பார்க்கவும் இல்லை. "ஒத்தக் கையால ஒவ்வொருத்தனாத் தூக்கிப் பாக்கிறதுக்குள்ள அஸர் தொழுகையே வந்திடும். உன்னை நம்பாம யாரை நம்புற," என்றான்.

அந்த நம்பிக்கையில்தான் நான் கை வைத்தேன். ஒரு வியாழக்கிழமை கடையைப் பூட்ட முதல் பிஸ்கட் டின்னைத் திறந்து, என் சிவப்பு ஆட்களில் நல்லா ஓடக்கூடிய நாலு பேரின் காலைக் குறட்டால் ஒரு பக்கம் வளைத்தேன். மறுநாள் அந்த நாலு பேரும் நடுவில் போய்க் கிறுகினார்கள். மச்சான் வென்றான். அவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே! தேநீரைக் குடித்து முடித்து இன்னொன்று கேட்டான். அடுத்த கிழமையும் வென்றான். அதற்கடுத்த கிழமையும். சாய்ந்தமருதில் ஆட்களுக்கெல்லாம் சொல்லித் திரிந்தானாம், ஒரு கையால் என்னை வெல்கிறானென்று.

பாவம் பார்த்துச் செய்தேன் என்றுதான் எல்லோருக்கும் சொல்லியிருக்கிறேன். அது முழு உண்மை இல்லை. அவன் கெதியில் வென்று ஆட்டம் முடிந்தால் வீட்டுக்குப் போய்ப் படுக்கலாம் என்ற எண்ணமும் எனக்குள் இருந்தது. அந்த அரை மணித்தியாலத்தைப் பார்த்துக்கொண்டிருக்க என்னால் முடியவில்லை. அல்லாஹ் அறிவான்.

ஆறாம் கிழமையோ ஏழாம் கிழமையோ அவன் நேரத்துக்கு முந்தி வந்தான். நான் இன்னும் பம்பியொன்றைக் கழற்றிக்கொண்டிருந்தேன். வாங்கில் உட்கார்ந்து, டின்னைத் தொடைகளுக்கு நடுவில் இறுக்கிப் பிடித்து, மூடியை இடது கையால் திறந்தான்.

"உன்ர ஆக்கள் கொஞ்ச நாளாக் கிறுகுறானுகள் மச்சான். உனக்குக் கண் மங்கிட்டுப் போல. நான் இரிந்து ஒவ்வொருத்தனாப் புரட்டிப் பாத்துச் சொல்றன், நீ நீவு. சும்மா வெல்லுறதுல எனக்கென்ன விருப்பமா?"

அந்த நேரம் நான் எழும்பிப் போய் டின்னைப் பிடுங்கியிருக்கலாம். உண்மையைச் சொல்லியிருக்கலாம். எதுவும் செய்யவில்லை. கையில் ஸ்குரூட்ரைவரோடு பார்த்துக்கொண்டு இருந்தேன். அவன் ஒரு சிவப்பு ஆளை எடுத்துப் புரட்டி வெளிச்சத்தில் பிடித்தான். அதை மடியில் வைத்துவிட்டு இன்னொன்றை எடுத்தான். நாலாவதைப் பார்த்த பிறகு நிமிர்ந்தான்.

"இது வெக்கைக்கு வளைஞ்ச கால் இல்ல. வெளுத்திரிக்கி. குறடு வெச்சிரிக்காய்."

நான் ஸ்குரூட்ரைவரைப் பம்பிக்குப் பக்கத்தில் வைத்தேன்.

"எத்தன கிழமையா?"

அவன் குரல் தாழ்ந்துதான் இருந்தது. ஏசியிருந்தால் நான் தலையைக் குனிந்திருப்பேன். அவன் ஏசாமல் கேட்டது எனக்குத் தாங்கவில்லை. பிடிபட்ட வெட்கம் எனக்குக் கோபமாகத்தான் வரும், சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். பம்பியைத் தள்ளிவிட்டு எழும்பினேன்.

"பின்ன என்ன செய்யச் சொல்றாய்? ஒத்தக் கைய வெச்சுக்கொண்டு நீ என்னை வெல்லுவாய் எண்டா நினைச்சாய்?"

சொல்லிவிட்டேன். அந்த நாளிலிருந்து இந்தக் கேள்வியை நான் எத்தனை தடவை எனக்குள்ளேயே கேட்டிருப்பேன். வேறு விதமாகச் சொல்லியிருந்தால் என்று தொழுகையில்கூட நினைப்பு ஓடுகிறது. ஆனால் சொன்னது அதுதான், கடைச் சந்து முழுக்கக் கேட்கச் சொன்னேன்.

மச்சான் நாலு ஆட்களையும் டின்னுக்குள் போட்டான். மூடியை அழுத்தி மூட ஒரு கையால் முடியவில்லை. அப்படியே மேசையில் வைத்தான். "தோத்தாத் தோத்ததுதானே மச்சான். அதையும் ஏன் பறிச்சாய்?" என்றான். ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு வெளியே போய் ஓட்டோவுக்குக் காத்து நின்றான். வெயில் கொளுத்தியது. நான் கதிரை கொண்டுபோய்க் கொடுக்கவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு எங்கள் பள்ளி வாசலில் கண்டோம். ஒரு முஸ்லிம் இன்னொருவனோடு மூன்று நாளைக்கு மேல் முறித்துக்கொண்டு இருக்கக்கூடாது என்பது எங்கள் ஊரில் சின்னப்பிள்ளைக்கும் தெரியும். ஸலாமை முதலில் தொடங்குகிறவன் மேலானவன் என்பதும் தெரியும். நான் முந்திக்கொண்டு, "அஸ்ஸலாமு அலைக்கும்" என்றேன். "வஅலைக்கும் ஸலாம்" என்றான். அவ்வளவுதான். செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு ஆளுக்கொரு பக்கம் போனோம். அடுத்த கிழமை அவன் முந்திக்கொண்டான். அதற்கடுத்த கிழமை நான் தூணடியில் காத்திருந்து முந்தினேன். அதிலும் போட்டி! இரண்டு வருஷம் இப்படியே போனது. நான் மார்க்கத்துக்கு மாறாக ஒன்றும் செய்யவில்லை என்று நிம்மதியாக இருந்தேன்.

என் மனைவிதான் விடவில்லை. அண்ணனை எங்கள் பக்கத்தில் காக்கா என்போம்.

"என்ர காக்கா இந்த வாசல மிதிச்சு எத்தன மாசம்? அவர் பிறந்த வீடு இது. நீங்க இரிக்கிறீங்க எண்டு வராம இரிக்கார்."

"நான் வராதே எண்டா சொன்னன்? வாராவாரம் ஸலாம் சொல்லிக்கொண்டுதானே இரிக்கம்."

"ஸலாம் சொன்னாக் கதைச்ச மாதிரியா?"

"சண்டை எண்டா ஸலாம் சொல்லுவமா? உனக்கென்ன விளங்கும், போ."

இப்படித்தான் பதில் சொன்னேன். பலகையைக் கடையில் மேல் தட்டில் ஏற்றி வைத்திருந்தேன். அது அவன் சாமான். அவன் கேட்கவில்லை, நான் கொடுக்கவும் இல்லை. கொடுத்தால் எல்லாம் முடிந்துவிடும் என்று பயந்தேன். பயந்தேன் என்று அப்போது ஒத்துக்கொள்ளமாட்டேன், தூக்க நேரமில்லை என்பேன். நோன்புப் பெருநாளைக்குப் போய்க் கட்டிப்பிடித்துவிடலாம் என்று நினைப்பேன். பெருநாள் வரும். பள்ளியில் எல்லோரையும் கட்டிப்பிடிப்பது போல அவனையும் பிடித்து, ஸலாம் சொல்லி விட்டுவிடுவேன்.

இந்த வருஷம் அவனுக்குப் பாரிசவாதம் இரண்டாவது தடவை அடித்தது. ஆஸ்பத்திரியில் கூட்டத்தோடு கூட்டமாகப் போய்ப் பார்த்தேன். கண் மூடிக் கிடந்தான். வீட்டுக்குக் கொண்டுவந்து மூன்றாம் நாள், பலகையையும் டின்னையும் ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு போனேன். வழியெல்லாம் சொல்லவேண்டியதை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு போனேன்.

அவன் மனைவி வாசலுக்கு வந்தாள். நான் மதினி என்று கூப்பிடுகிறவள்.

"வாங்க காக்கா. நேத்தும் உங்கடக் கதையத்தான் பிள்ளைகளோட கதைச்சன்," என்றவள், பலகையைக் கண்டதும் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "அவருக்கு இப்பக் கதை வராது. மூளையில கதைக்கிற இடத்துல அடிச்சிட்டாம் எண்டு டொக்டர் சொன்னார். சின்னனுல இருந்து நாக்குல ஊறினது மட்டும் வருமாம். ஸலாம் சொன்னாப் பதில் வரும். வேற ஒண்டும் வரல்ல."

மச்சான் சாய்வுக் கதிரையில் தலையணைகளுக்கு நடுவில் இருந்தான். இளைத்துப்போயிருந்தான். என்னைக் கண்டதும் கண் என் முகத்தில் நின்றது. "வஅலைக்கும் ஸலாம்," என்றான். நான் இன்னும் ஸலாம் சொல்லவே இல்லை.

மேசையை இழுத்துப் பலகையை வைத்தேன். அவன் நீல ஆட்களை நானே அடுக்கினேன். சிவப்பில் அந்த நாலு பேரையும் விட்டுவிட்டு மிச்ச ஏழு பேரை வைத்தேன். சுவிச்சைப் போட்டேன். பலகை இர்ரென்றது, ஆட்கள் நகர்ந்தார்கள். மச்சான் அவர்களைப் பார்த்து, "வஅலைக்கும் ஸலாம்," என்றான். மதினி அழுதுகொண்டே சிரித்தாள். "தேத்தண்ணி குடுத்தாலும் அதான், மருந்து குடுத்தாலும் அதான்," என்றாள்.

சுவிச்சை நிறுத்தினேன். அவன் இடது கையைப் பிடித்துக்கொண்டு, "மச்சான், நான் செஞ்சது பிழை. காலை வளைச்சதும் பிழை, நான் சொன்ன சொல் அதவிடப் பெரிய பிழை. என்னை மன்னிச்சிடு," என்றேன். வாய்விட்டுச் சொன்னேன். மதினிக்கு முன்னால், வாசலில் நின்ற பிள்ளைகளுக்கு முன்னால்.

அவன் உதடு கொஞ்ச நேரம் எதையோ தேடியது. "வஅலைக்கும் ஸலாம்," என்றான்.

திரும்பவும் சொன்னேன். அதே பதில்.

வெளியே வந்து செருப்பைப் போடும்போது மதினி பின்னால் வந்தாள். ஏசுகிற குரலில்லை அவளுக்கு. "ஒண்டு கேக்கிறன் காக்கா. எங்கட வீட்டுக்கும் உங்கடப் பள்ளிக்கும் நடுவில எத்தனை பள்ளி இரிக்கி? இந்தக் காலை இழுத்துக்கொண்டு, ஓட்டோ பிடிச்சு, ஒவ்வொரு ஜும்ஆவுக்கும் அங்கதான் போகணும் எண்டு நிப்பார். ஏன் எண்டு நீங்க ஒருநாளும் யோசிக்கல்லயா?"

நான் யோசிக்கவில்லை. இரண்டு வருஷம், கிழமைக்கு ஒருக்கால், அவன் அத்தனை பள்ளிகளையும் தாண்டி என் முன்னால் வந்து நின்றிருக்கிறான். எல்லாம் கதைக்கக்கூடியவனாக, ஏசக்கூடியவனாக, மன்னிச்சிட்டன் போ என்று சொல்லக்கூடியவனாக வந்து நின்றிருக்கிறான். நான் ஸலாமை முந்திக்கொண்டேன் என்ற பெருமையோடு செருப்பைத் தேடினேன்.

இப்போது வெள்ளிக்கிழமைகளில் நான் அங்கே போகிறேன். அவன் பக்கத்தில் இருந்து ஊர்ப்புதினம், கடைப்புதினம், அவன் தங்கச்சியின் புதினம் எல்லாம் கதைக்கிறேன். இரண்டு வருஷத்துக் கதை பாக்கி இருக்கிறது. இடைக்கிடை மன்னிப்பும் கேட்கிறேன். அவன் என் முகத்தைப் பார்த்து, அந்த ஒரே பதிலைச் சொல்கிறான். மன்னித்துவிட்டானா, இல்லையா? எனக்குத் தெரியாது. அவனால் இனிச் சொல்லவும் முடியாது.